‘இத்தனை பேர் அமர’: இருப்புப்பாதை நெரிசலும் பயணியர் ஒழுக்கமும் – விழுப்புரம், திண்டிவனம் தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொதுவிடங்களில் மக்கள் பிறரைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்கின்றனர் என்பது நெடுங்காலமாகக் கேட்கப்படும் குறை. அதனை மக்களின் பண்புக் குறைவாக மட்டும் காண்பதே பெருவழக்கு. இக்கட்டுரை அக்குறையை இருப்புப்பாதைச் சட்டத்தின் வரலாற்றோடு இணைத்து ஆராய்கிறது. 1890ஆம் ஆண்டின் இந்திய இருப்புப்பாதைச் சட்டம் ஒவ்வொரு பெட்டிக்கும் பயணியர் எண்ணிக்கையை வரையறுக்கச் செய்து, அவ்வரையறையைக் காக்கும் பொறுப்பை நிருவாகம், ஊழியர், பயணியர் ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளித்தது. 1989ஆம் ஆண்டின் சட்டத்திலும் எண்ணிக்கை எஞ்சியது. ஆனால், அதனைக் காக்கும் பொறுப்பு தேய்ந்தது. இம்மாற்றத்தால் நெரிசல் குறித்த சினம் நிருவாகத்தை நோக்கிச் செல்லாமல் அருகிலிருக்கும் பயணியை நோக்கித் திரும்பிற்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். விழுப்புரம், திண்டிவனம் நிலையங்களின் அமைவிடமும் பயண வழக்கங்களும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இருப்புப்பாதைச் சட்டம், நெரிசல், பொதுப்பெட்டி, மூன்றாம் வகுப்பு, விழுப்புரம், திண்டிவனம், பயணியர் ஒழுக்கம்.

முன்னுரை

தமிழில் ஒழுக்கம் குறித்த சிந்தனை தொன்மையானது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. வழியில் எதிர்ப்படுவோருள் யார் யாருக்கு விலகி இடந்தர வேண்டும் என்பதை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. சுமை சுமந்து வருபவர், நோயுற்றவர், முதியோர், சிறார், பெண்டிர் ஆகியோர் அவ்வரிசையில் உள்ளனர். பார்ப்பாரும் தவத்தோரும் உள்ளனர். தேவையும் தகுதியும் கலந்த வரிசை அது. ஒருவர் இன்னார் என அறிந்தபின் விலகும் ஒழுக்கம் அது. எதிரில் வருபவர் யாரென அறியக்கூடிய சிற்றூர்த் தெருவுக்கு அது பொருந்தும்.

தொடர்வண்டிப் பெட்டி அத்தகைய தெரு அன்று. அங்கு இருப்போர் ஒருவரையொருவர் அறியாதவர். அவர்களுக்குப் பொதுவாக உள்ளது பயணச்சீட்டு ஒன்றே. எனவே அங்கு ஒழுக்கத்தை வகுக்கத் தகுதி உதவாது, எண்ணிக்கை தேவைப்பட்டது. ‘இத்தனை பேர் அமர’ எனப் பெட்டியில் எழுதப்பட்ட எண்ணே புதிய ஒழுக்கத்தின் அடிப்படையாயிற்று. அவ்வெண் எவ்வாறு வந்தது, எவ்வாறு வலுவிழந்தது, அதன் விளைவு யாது என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம்: தடத்தின் தோற்றம்

1874இல் அமைந்த தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் சென்னையிலிருந்து தெற்கே மீட்டர் பாதை அமைத்தது. செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக அப்பாதை 1870களின் பிற்பகுதியில் விழுப்புரத்தை அடைந்தது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரிக் கிளை திறக்கப்பட்டது. பின்னர்த் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் பாதையும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப் பாதையும் இங்கிருந்து பிரிந்தன. இவ்வாறு கடலூர், புதுச்சேரி, காட்பாடி, திருச்சிராப்பள்ளி, சென்னை எனப் பல திசைப் பயணியரும் இறங்கி ஏறும் சந்திப்பாக விழுப்புரம் வளர்ந்தது.

திண்டிவனத்தின் நிலை வேறு. சாலைவழியில் அதுவும் ஒரு சந்திப்பே. புதுச்சேரி, செஞ்சி, திருவண்ணாமலை, சென்னை, விழுப்புரம் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் அங்குக் கூடுகின்றன. ஆயினும் இருப்புப்பாதையில் அது இடைநிலையமே. விழுப்புரத்திலிருந்து புறப்படும் வண்டிகள் உண்டு. திண்டிவனத்தில் ஏறுபவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே நிரம்பிய பெட்டி. சற்றொப்ப நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு நிலையங்களின் வேறுபாடு, பின்னர் விளக்கப்படும் வாதத்துக்கு இன்றியமையாதது.

இவ்விரு ஊர்களிலும் கூட்டம் திங்கள்தோறும் இருமுறை பெருகும். முழுநிலவு நாளில் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கும் அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் மக்கள் திரள்கின்றனர். மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடைப் பயணியர் மார்கழி, தை மாதங்களில் மிகுவர். ஆகவே இத்தடத்தில் நெரிசல் எதிர்பாராது நேர்வதன்று; நாட்காட்டியைக் கொண்டே முன்னறியத்தக்கது. முன்னறியத்தக்க நெரிசலுக்கு யார் பொறுப்பு என்னும் வினா அதனாலேயே கூர்மை பெறுகிறது.

1890: எண்ணும் அதன் காவலும்

1890ஆம் ஆண்டின் 9ஆம் சட்டமாகிய இந்திய இருப்புப்பாதைச் சட்டம் நெரிசலைத் தனித்து நோக்கியது. அதன் 63ஆம் பிரிவின்படி ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் ஏற்றத்தக்க பயணியரின் உச்ச எண்ணிக்கையை நிருவாகம் அரசின் ஒப்புதலுடன் வரையறுக்க வேண்டும். அவ்வெண்ணைப் பெட்டியின் உள்ளேயோ வெளியேயோ யாவரும் காணுமாறு ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ இரண்டிலுமோ எழுதிவைக்க வேண்டும். 64ஆம் பிரிவு, மிகத் தாழ்ந்த வகுப்பில் ஓர் அறையையேனும் பெண்டிர்க்கென ஒதுக்குமாறு பணித்தது.

இவ்வெண்ணைக் காக்கச் சட்டம் மூன்று வேலிகளை இட்டது. முதலாவது, நிறுவனத்துக்கு உரியது. எண்ணிக்கை விதியை மீறும் நிறுவனம் அரசுக்குத் தண்டத்தொகை செலுத்த வேண்டும் என 93ஆம் பிரிவு கூறியது. இரண்டாவது, ஊழியர்க்கு உரியது. நிரம்பிய பெட்டிக்குள் ஒரு பயணியை வற்புறுத்தி ஏற்றும் ஊழியர்க்கு 20 ரூபாய் வரை அபராதம் விதிக்க 102ஆம் பிரிவு இடமளித்தது. மூன்றாவது, பயணியர்க்கு உரியது. 109ஆம் பிரிவின்படி, நிரம்பிய பெட்டியில் ஏறியவர் ஊழியர் கேட்டும் இறங்க மறுத்தால் குற்றம். நிரம்பாத பெட்டியில் ஏற வருபவரை உள்ளிருப்பவர் தடுத்தாலும் குற்றம். இரண்டுக்கும் அபராதம் 20 ரூபாய் வரை.

இப்பிரிவின் நுட்பம் கருதத்தக்கது. கதவை மறிப்பவர் தன்னலக்காரரா, தம் உரிமையைக் காப்பவரா என்பதை அவருடைய குணம் தீர்மானிக்கவில்லை. உள்ளே எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே தீர்மானித்தது. எண் நிரம்புவதற்குமுன் மறிப்பவர் குற்றவாளி. எண் நிரம்பியபின் மறிப்பவர் குற்றவாளி அல்லர். உந்தி ஏறுபவரும் ஏற்றிவிடும் ஊழியருமே தவறு செய்தவர்கள். அண்டையில் இருப்பவரை இகழாமலே பூசலைத் தீர்க்கும் அளவுகோல் ஒன்றைச் சட்டம் பயணியர் கையில் தந்திருந்தது.

பிறர் வசதியைக் கெடுக்கும் செயல்களையும் அச்சட்டம் தனியே கருதியது. உடன் பயணிப்போர் இசைவின்றிப் புகைபிடித்தலை 110ஆம் பிரிவு தண்டித்தது. குடிமயக்கம், அருவருப்பான செயல், இழிசொல், வேண்டுமென்றே பிற பயணியின் வசதிக்கு இடையூறு செய்தல், விளக்கை அணைத்தல் ஆகியவற்றுக்கு 120ஆம் பிரிவு 50 ரூபாய் வரை அபராதம் விதித்தது.

ஏட்டுச் சட்டமும் வண்டிப் பெட்டியும்

சட்டம் இவ்வாறு இருக்க, நடைமுறை வேறாக இருந்தது. திருவிழாக் காலங்களில் அடியார்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிச் சென்ற வழக்கம் குடியேற்ற ஆட்சிக்கால இந்தியாவின் பல பகுதிகளில் கண்டிக்கப்பட்டது. பயணியர் வருவாயின் பெரும்பகுதியைத் தந்தது மூன்றாம் வகுப்பு. மிகக் குறைந்த கவனத்தைப் பெற்றதும் அதுவே. ரித்திகா பிரசாத் 2015இல் வெளியிட்ட, குடியேற்றக்கால அன்றாட வாழ்வில் இருப்புப்பாதையின் இடத்தை ஆராயும் நூல், இம்முரணை விரிவாகப் பேசுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்றை அளிப்பவர் காந்தி. 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அஞ்சல் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்த அவர், அப்பட்டறிவைப் பத்திரிகைகளுக்கு மடலாக எழுதினார். அவ்வண்டி ராய்ச்சூர் வழியாக வந்தது. விழுப்புரத் தடத்தில் வந்ததன்று. எனினும் அவர் விவரிப்பது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒவ்வொரு வேலியும் சரிந்த நிலையையே. பெட்டியில் எழுதப்பட்டிருந்த எண் 22. பயணத்தின் பெரும்பகுதியில் இருந்தவர்கள் 35 பேர். புனேயை அடையும்வரை எண் மீறப்படாமைக்குக் காரணம் ஊழியர் அல்லர். உள்ளிருந்த வலியவர் சிலர் பிறரைத் தடுத்து நிறுத்தியமையே. ராய்ச்சூருக்குப்பின் அவர்களாலும் இயலவில்லை. ஊழியர் வந்தபோதெல்லாம் மேலும் சிலரை உள்ளே தள்ளவே வந்தனர்.

நிருவாகம் எண்ணைக் காவாதவிடத்து அதனை வலியவர் காத்தனர் என்பதே இச்சான்று தரும் செய்தி. வலியவர் காக்கும் எண் நீதியின் அளவுகோலாக நீடிக்க இயலாது. மெலிந்தவரும் முதியவரும் குழந்தையை ஏந்தியவரும் வெளியே நிற்க நேரும்.

காந்தி பயணியரையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியில் குப்பை எறிதல், கண்டவிடத்தில் புகைத்தல், வெற்றிலை புகையிலை மென்று துப்புதல், கூச்சலிடுதல் ஆகியவற்றைத் தம் தன்வரலாற்றில் கடிந்துள்ளார். நிருவாகத்தின் அசட்டையும் பயணியரின் பழக்கமும் சேர்ந்தே மூன்றாம் வகுப்பைத் துன்பமாக்கின என்பது அவர் கருத்து. பின்வந்த பொதுப்பேச்சில் இவ்விரண்டில் இரண்டாவது மட்டும் பெரிதும் நிலைத்தது கருதத்தக்கது.

வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் 1920–21இல் ஆய்ந்த இருப்புப்பாதைக் குழுவில் தமிழகத்தின் சீனிவாச சாஸ்திரியும் உறுப்பினர். அரசே நேரடியாக நிருவகித்தலை அக்குழு பரிந்துரைத்தது. மூன்றாம் வகுப்பு நெரிசலும் அதன் கவனத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலோ, இன்றியமையாத தேவை இருந்தாலன்றிப் பயணம் செய்யவேண்டா எனப் பொதுமக்களை வேண்டும் விளம்பரங்கள் வெளிவந்தன. போர்ச்சூழலில் அது தவிர்க்க இயலாததாக இருக்கலாம். ஆயினும், பெட்டியின் கொள்ளளவைப் பற்றிய பேச்சு பயணியின் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சாக மாறியதை அதில் காணலாம்.

யாருடைய குறை?

நெரிசல் குறித்த குறைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அந்நியரோடு நெருங்கி அமர நேர்ந்ததே சிலர்க்குக் குறையாயிற்று. சாதிப்படிநிலையில் தோய்ந்த சமூகத்தில் சீட்டு ஒன்றே தகுதியான பெட்டி புதுமையானது. அதே நிலையங்களின் உணவகங்களில் பார்ப்பனர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியாரின் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடர்ந்து 1941இல் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. ‘இங்கிதம் தெரியாத கூட்டம்’ என்னும் பழிப்பில் சில வேளைகளில் ‘இங்கே இருக்கத் தகாதவர்’ என்னும் பொருள் மறைந்திருந்தது என்பதை இந்நிகழ்வு நினைவூட்டுகிறது. எண்ணை அடிப்படையாகக் கொண்ட ஒழுங்கின் சிறப்பு இங்குப் புலனாகும். அது ஆளைப் பார்ப்பதில்லை. இடத்தை மட்டும் எண்ணுகிறது.

துண்டின் ஆட்சி

சட்டத்தின் எண் வலுவிழந்த இடத்தில் வழக்காறு ஒன்று தோன்றியது. தமிழகத்தில் அதன் அடையாளம் துண்டு. இருக்கையில் துண்டோ கைக்குட்டையோ பையோ இட்டால் அவ்விடம் ஒருவர்க்கு உரியதாயிற்று எனப் பிறரும் ஏற்பர். ‘துண்டு போட்டு வைத்தல்’ என்னும் தொடர் இன்று தேர்தல் கூட்டணி பேசுவோர் வாயிலும் வழங்குவது இவ்வழக்காற்றின் பரவலைக் காட்டும்.

விழுப்புரம் இவ்வழக்காறு செழிக்க ஏற்ற நிலையம். 1965இல் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் பாதை மின்மயமாகியபின், தெற்கே செல்லும் வண்டிகள் இங்கு எஞ்சின் மாற்றிக்கொண்டன. வண்டி நிற்கும் நேரம் நீண்டது. தண்ணீர் பிடிக்கவும் உணவு வாங்கவும் பயணியர் இறங்கினர். இறங்குபவர் துண்டை விட்டுச் சென்றனர். ஏறுபவர் சன்னல்வழியே துண்டை எறிந்தனர். திரும்பி வந்தவர்க்கும் புதிதாய் அமர்ந்தவர்க்கும் பூசல் எழுந்தது. இருவர் கையிலும் செல்லத்தக்க சீட்டு இருந்தது, இருக்கையோ ஒன்றே.

இவ்வழக்காற்றுக்கு அறமும் உண்டு. மூவர் அமரும் பலகையில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ எனக் கேட்டு நான்காமவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும், கைக்குழந்தையோடு நிற்பவர்க்கு ஒருவர் எழுந்து இடந்தருவதும், அடுத்த நிலையத்தில் இறங்கவிருப்பவர் தம் இடத்தை நிற்பவர்க்கு முன்கூட்டியே உறுதி செய்வதும் எழுதப்படாத விதிகள். ஆசாரக்கோவையின் பரிவு இங்கு வேறு வடிவில் தொடர்கிறது எனலாம். ஆனால், இப்பரிவுக்கு ஓர் எல்லையுண்டு. நான்காமவர்க்கு நகர்ந்தவர் ஐந்தாமவர்க்கு முகஞ்சுளிப்பார். அச்சுளிப்பை அவருடைய இயல்பான குணமாகக் கொள்வது முழுமையான விளக்கம் ஆகாது.

திண்டிவனத்தின் கதவருகில் இது இன்னும் தெளிவாகும். சென்னை நோக்கிச் செல்லும் வண்டியில் விழுப்புரத்தில் ஏறியவர் உள்ளே இருக்கிறார். திண்டிவனத்தில் ஏற முயல்பவர் படியில் நின்று கெஞ்சுகிறார். ‘உள்ளே இடமில்லை’ என்னும் குரல் கேட்கிறது. எவ்வாறோ ஏறிய அவரே மேல்மருவத்தூரிலோ மதுராந்தகத்திலோ கதவருகில் நின்றுகொண்டு அடுத்தவர்க்கு அதே விடையைக் கூறுகிறார். இச்சிறு தொலைவுக்குள் ஒருவர் பண்பு மாறிவிட்டது எனல் பொருந்தாது. அவர் நிற்கும் இடமே மாறியது. பொறுப்பற்றவர் என வெளியிலிருப்பவர் வெகுளும் மனிதரும், சற்றுமுன் அவ்வாறு வெகுண்டவரும் ஒருவரே.

1989: எஞ்சிய எண், நீங்கிய காவல்

1951இல் தெற்கு இருப்புப்பாதை உருவாயிற்று. 1974இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் நீக்கப்பட்டு இரண்டாம் வகுப்பு எனலாயிற்று. முன்பதிவு முறை விரிந்ததும், பெயரும் எண்ணும் உடைய இருக்கைக்கு உரியவர் ஒருபுறமும் எவ்விருக்கையும் உறுதியில்லாத பொதுப்பெட்டிப் பயணியர் மறுபுறமும் பிரிந்தனர்.

1989ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதன் 57ஆம் பிரிவு, பெட்டிதோறும் உச்ச எண்ணிக்கையை வரையறுத்து எழுதிவைக்கும் கடமையைத் தொடர்கிறது. ஆனால் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. நிறுவனத்தின்மீதான பழைய தண்டத்தொகையும், நிரம்பிய பெட்டியில் வற்புறுத்தி ஏற்றும் ஊழியர்மீதான தனிக்குற்றமும் புதிய சட்டத்தில் அவ்வடிவில் இடம்பெறவில்லை. பயணியர் குறித்த 155ஆம் பிரிவோ, முன்பதிவு செய்யப்பட்ட இருக்கையில் உரிமையின்றி அமர்ந்து விலக மறுப்போர்க்கு 500 ரூபாய் வரையும், தமக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் பிறர் முறைப்படி ஏறுவதைத் தடுப்போர்க்கு 200 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. ‘ஏற்கெனவே உச்ச எண்ணிக்கை நிரம்பியிருந்தாலன்றி’ என்னும் கருத்து இப்பிரிவின் வாசகத்தில் இல்லை.

இதன் பொருள் சிறிதன்று. 1890இல் நிரம்பிய பெட்டியின் பயணி எண்ணைச் சுட்டி, ‘இனி இடமில்லை’ எனக் கூறச் சட்டத்தில் வெளிப்படையான பிடிமானம் இருந்தது. 1989இல் முன்பதிவுப் பெட்டிக்கு இருக்கை உரிமை வலுப்பெற்றது. பொதுப்பெட்டிக்கு எண் சுவரெழுத்தாக எஞ்சியது.

வசதிக்கு இடையூறு செய்தல் குறித்த பிரிவிலும் மாற்றம் உண்டு. பழைய 120ஆம் பிரிவு, பயணியின் வசதிக்கு வேண்டுமென்றே செய்யும் இடையூறு எதனையும் உள்ளடக்கியது. புதிய 145ஆம் பிரிவு, நிருவாகம் அளித்துள்ள வசதியில் தலையிட்டு அதன்வழிப் பயணத்தைக் கெடுத்தலைப் பற்றியே அவ்விடத்தில் பேசுகிறது. கைப்பேசி ஒலி போன்ற புதிய தொல்லைகளை, அருவருப்பான செயல் என்னும் பொதுச்சொல்லின்கீழ்க் கொணரவோ தனி அறிவுறுத்தல்களால் கட்டுப்படுத்தவோ வேண்டியதாகிறது.

நெரிசல் விளைவிப்பதும் நெரிசல் மறைப்பதும்

தனிமனிதரின் பொறுப்பை மறுப்பது இவ்வாதத்தின் நோக்கமன்று. நெரிசல் விளைவிக்கும் முரட்டுத்தனம் வேறு. நெரிசலின் மறைவில் நிகழும் தீங்கு வேறு. இருக்கைப் பூசல், கதவை மறித்தல், பைகளால் வழியடைத்தல் ஆகியன முன்னதைச் சாரும். இடம் பெருகினால் அவை பெரிதும் குறையும். பெண்டிரைத் துன்புறுத்தல், புகைத்தல், எச்சில் துப்புதல் ஆகியன பின்னதைச் சாரும். இடம் பெருகினாலும் அவை தாமே நீங்கா.

பின்னதற்குத் தமிழ்நாடு தனிச் சட்டங்கள் இயற்றியது. பொதுவிடங்களில் புகைத்தலையும் துப்புதலையும் 2002ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. பெண்டிரைப் பொதுவிடத்தில் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் சட்டம் ஆராயத்தக்க கூறு ஒன்றை உடையது. பேருந்தில் அத்தகைய குற்றம் நிகழ்ந்து பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என அது கூறுகிறது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகம் இயங்கும் இப்பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும். துன்புற்றவரைத் தனித்துப் போராட விடாமல், வண்டியை நடத்துபவர்மீது கடமையைச் சுமத்தும் இவ்வாய்பாடு, 1890ஆம் ஆண்டின் 102ஆம் பிரிவோடு உறவுடையது.

முடிவுரை

2025 பிப்ரவரி 15 அன்று புதுதில்லி நிலையத்தில் ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் உயிரிழந்தனர். அதனையடுத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், உச்ச எண்ணிக்கை குறித்த 57ஆம் பிரிவை நடைமுறைப்படுத்துவது பற்றி ஆராயுமாறு தில்லி உயர் நீதிமன்றம் நிருவாகத்திடம் கூறியது. 1890இல் எழுதப்பட்ட எண், நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் வழக்கின் மையத்துக்கு வந்தது.

இக்கட்டுரையின் முடிவுகள் மூன்று. முதலாவது, தொடர்வண்டிப் பெட்டியின் ஒழுக்கம் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டது. இரண்டாவது, அவ்வெண்ணைக் காக்கும் கடமை நிருவாகத்திடமிருந்து படிப்படியாக நழுவியபோது, அதனைத் துண்டும் தோள்வலிமையும் பொறுமையும் ஏற்றன. மூன்றாவது, அதன் விளைவாக நிருவாகத்தை நோக்கிய முறையீடாக அமையவேண்டிய சினம் சகபயணிமீதான வெறுப்பாக மாறிற்று.

திண்டிவனத்தில் படியில் தொங்குபவர்க்கும் உள்ளிருந்து கதவை மறிப்பவர்க்கும் இடையே நிகழும் சொற்போரில் இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுகின்றனர். அவர்கள் தலைக்குமேல் பெட்டிச் சுவரில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. அப்பூசலில் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு என்பதற்கு அவ்வெண்ணே சான்று.